கொள்ளைநோயை எதிர்த்து நின்ற டாக்டர் வூ லியன் டே

வைத்தியக் கல்வி கற்றுத் தேறிய இளைஞர் ஒருவருக்கு முன்னே இரண்டு வழிகள் கிடக்கின்றன. தம்பால் வரும் நோயாளிக்கு மருந்தளித்து, அவன் நலமுற்று எழுந்து நடத்தலைத் தம் கண்ணாற் கண்டு மகிழ்தல் ஒன்று. நோய் வருமுன்னரே அதன் வரவைத் தடுத்து, ஊரையும் நாட்டையும் காத்தல் மற்றொன்று. முன்னையதிற் பொருளும் புகழும் விரைவிற் கிட்டும். பின்னையதிலோ, காக்கப்பட்டவன் தான் காக்கப்பட்டதை அறியான். ஆதலின் நன்றி கூறவும் அறியான். இந்த இரண்டாம் வழியிலே தம் வாணாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒரு பெரியாரின் சரிதத்தை நம் கலாசாலை மாணவர்கள் அறிதல் நலம் எனக் கருதி, ஈண்டுச் சுருக்கமாக வரையத் துணிந்தோம்.

டாக்டர் வூ லியன் டே 1879-ம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி பினாங்குத் தீவிற் பிறந்தார். தந்தையார் சீன தேசத்தின் தென்பகுதியினின்று குடியேறிய பொற்கொல்லர். தாயார் பினாங்கிலேயே பிறந்த சீனப் பெண்மணி. பினாங்கு நம்மவர்க்குப் புதியதோர் ஊரன்று. தமிழ் வணிகரும் தொழிலாளரும் நெடுங்காலமாகச் சென்று வாழ்ந்த அத்தீவிலே சீனரும் மலாயரும் தமிழரும் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் கடை வைத்து வாழ்ந்தனர். பினாங்கு பிரீ ஸ்கூல் என்னும் பள்ளியிற் பயின்ற சிறுவர், குடியேற்ற நாட்டு மாணவர்க்கென நடந்த போட்டிப் பரீட்சையில் வென்று, இராணியாரின் பெயரால் வழங்கப்பட்ட உபகாரச் சம்பளத்தைப் பெற்றார். அதன் துணைகொண்டு 1896-ம் வருஷம், பதினேழாம் வயதில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் எம்மானுவேல் கல்லூரியைச் சேர்ந்தார். அங்கு வைத்தியம் பயின்ற முதற் சீன மாணவர் இவரே என்பர்.

கேம்பிரிட்ஜிலும், பின்னர் இலண்டன் செயின்ட் மேரி வைத்தியசாலையிலும் பயின்று பட்டம் பெற்ற பின், அத்துடன் அமையாது, அவர் மேற்படிப்பை நாடினார். அவர் தேர்ந்தெடுத்த இடங்களை நோக்கின் அவருடைய மனத்தின் போக்கு நமக்கு விளங்கும். லிவர்ப்பூலிலே ஸர் ரொனால்டு ராஸ் என்பாரிடம் பயின்றார்; இந்தியாவிலிருந்தபோது மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்று கண்டு, 1902-ம் வருஷம் நோபெல் பரிசு பெற்றவர் அவர். ஜெர்மனியில் ஹாலே நகரத்திலும், பாரிஸ் மாநகரிற் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்திலும் கிருமி சாஸ்திரத்தை ஆராய்ந்தார். நோயாளியின் படுக்கையோடு நில்லாமல், கிருமி எங்கிருந்து வந்தது, எவ்வழியே வந்தது, எதனைச் சுமந்துகொண்டு வந்தது என்று பின்தொடர்ந்து செல்லும் கல்வி அது. எம்.டி. பட்டத்துக்கு வேண்டிய ஆராய்ச்சியையும் முடித்துக்கொண்டு, 1903-ம் வருஷம் தாயகம் மீண்டார்.

இத்துணைக் கல்வியோடு திரும்பியவரைத் தாயகம் எங்ஙனம் வரவேற்றது? குடியேற்ற நாட்டு வைத்திய இலாகாவில் உயர்ந்த உத்தியோகங்கள் யாவும் வெள்ளையர்க்கே உரியனவாயிருந்தன. கேம்பிரிட்ஜ் பட்டமும் பாஸ்டர் நிலையப் பயிற்சியும் அந்த வாயிலைத் திறக்கவில்லை. எனினும் அவர் மனம் தளராது, கோலாலம்பூரிலிருந்த வைத்திய ஆராய்ச்சிச்சாலையிற் சேர்ந்து, அக்காலத்து மலாய் நாட்டுக் கூலியாட்களைப் பெருவாரியாக வாட்டிய பெரிபெரி நோயைப் பற்றி ஏறக்குறைய ஓராண்டு ஆராய்ந்தார். பின்னர்ப் பினாங்கு திரும்பி, தமிழ் முஸ்லிம்களின் பெயரால் வழங்கும் சூலியாத் தெருவிலே சொந்த வைத்தியசாலை அமைத்தார்.

தொழில் நன்கு நடந்தது. ஆயினும், ஊர் மக்களை அபினி அரித்துத் தின்னுவதைக் கண்டு அவரால் வாளாவிருக்க முடியவில்லை. அபினி அக்காலத்தே அரசாங்க வருமானத்தின் பெரும் பகுதியை ஈட்டித் தந்த பண்டம். அதனை எதிர்த்து அவர் கூட்டங்கள் கூட்டினார். 1906-ம் வருஷம் ஈப்போ நகரிற் கூடிய அபினி எதிர்ப்பு மகாநாட்டை முன்னின்று நடத்தினார். 1907-ம் வருஷம் அவருடைய மருந்தறை சோதனையிடப்பட்டது. மருந்துக்கென வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபினித் தைலம் அங்கே அகப்பட, அனுமதிச் சீட்டின்றி வைத்திருந்த குற்றத்துக்காக அவர் அபராதம் செலுத்த நேர்ந்தது. அபினியை ஒழிக்கப் புறப்பட்டவர் அபினி வைத்திருந்தாரெனத் தண்டிக்கப்பட்டது காலத்தின் கோலமே.

அந்நிலையிற் சீன தேசத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தியென்ட்ஸின் நகரிலிருந்த ஏகாதிபத்திய இராணுவ வைத்தியக் கல்லூரிக்கு உபதலைவராக வருமாறு 1908-ம் வருஷம் அந்நாட்டார் அவரை வேண்டினர். தம் முன்னோர் பிறந்த நாடேயாயினும், அந்நாட்டுப் பொதுமொழி அவருக்கு வாராது. ஆங்கிலப் பள்ளியிற் பயின்று வளர்ந்த அவர், கற்பித்தலோடு தாமும் ஒரு மாணவர்போல் அமர்ந்து சீன மொழியைக் கற்கலானார். அதுவரை பினாங்கு வழக்கிலே லியன் டக் என்று வழங்கிய அவர் பெயர், வடசீன உச்சரிப்பில் வூ லியன் டே என ஆயிற்று.

1910-ம் வருஷத்தின் இறுதியிலே, சீன நாட்டின் வடகிழக்கு மூலையாகிய மஞ்சூரியாவிற் கொடியதொரு நோய் எழுந்தது. உருஷிய நாட்டு எல்லையருகே தோன்றி, இரயில் பாதையைப் பற்றிக்கொண்டு அது ஹார்பின் நகரத்தை அடைந்தது. காய்ச்சல், இருமல், குருதி கலந்த கோழை, ஓரிரு நாளில் மரணம் என்பதே அதன் முறை. கண்டவர் பிழைத்தாரென்பது இல்லை. அந்நிலப் பரப்பில் உருஷியர், ஜப்பானியர், சீனர் ஆகிய மூவரும் அதிகாரம் செலுத்தி வந்தனர். சீனர் நோயைத் தடுக்க இயலாராயின், அதனையே காரணமாகக் காட்டி மற்றிருவரும் நாட்டைக் கைப்பற்றுவர் என்னும் அச்சம் பீக்கிங் அரசாங்கத்தாரை வாட்டியது. அவர்கள் அனுப்பியது பெரும்படையையன்று. முப்பத்தோராண்டு நிரம்பிய வூ லியன் டேயையே அனுப்பினர். அவர் ஒரு மைக்ராஸ்கோப்பும், உடன் ஒரு மாணவருமாக 1910-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி ஹார்பின் சேர்ந்தார். நீர் உறையும் நிலைக்குக் கீழே 20 பாகைக்கும் தாழ்ந்த குளிர் அப்பொழுது அங்கே நிலவிற்று.

வந்த மூன்றாம் நாள், நோயால் இறந்த ஜப்பானிய மாது ஒருத்தியின் உடலை இரகசியமாக அறுத்துச் சோதித்தார். பிரேதத்தை அறுத்தல் பெரும் பாவமெனச் சீனர் கருதிய காலம் அது. நுரையீரலிலும் குருதியிலும் பிளேக் கிருமிகள் நிறைந்திருக்கக் கண்டார். ஆனால் இது 1896-ம் வருஷம் பம்பாயிற் புகுந்து நம் நாட்டாரை வருத்திய நெறிகட்டும் பிளேக்கைப்போல் இல்லை. அந்த வகையிலே எலி முதலில் மடியும். எலியின் மீதுள்ள தெள்ளுப்பூச்சி கிருமியை மனிதனுக்குக் கொண்டு வரும். ஹார்பினிலோ எலிகளை அறுத்துப் பார்த்தவர்களுக்கு அவற்றிற் கிருமி அகப்படவில்லை. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்து, ஒரே அறையிற் பலர் நெருங்கிக் கிடந்த சத்திரங்களிலேயே மரணம் மிகுந்தது. இவற்றை ஒப்பிட்டு நோக்கிய வூ, இது நுரையீரலைப் பற்றும் பிளேக் என்றும், இருமுவோனின் மூச்சுத் துளிகளால் மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேரே தாவுகின்றதென்றும் முடிவு கட்டினார்.

முதலில் அது மனிதனை அடைந்த வழியும் பின்னர் விளங்கிற்று. தர்பகான் என்பது மங்கோலியப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும், முயலினும் பருத்த ஒரு கொறிபிராணி. அதன் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் விலை ஏறவே, பழக்கமில்லாத புதியோர் ஆயிரக்கணக்கில் வேட்டைக்குப் புறப்பட்டனர். நோயுற்றுத் தள்ளாடும் பிராணியை விலக்க வேண்டுமென்று பழைய வேட்டைக்காரர் அறிந்திருந்தனர். புதியோர் அதனை அறியாது எளிதிற் பிடித்தனர். பனிக்காலம் வரவே அவர்கள் இரயிலேறி ஊர் திரும்ப, நோயும் உடன் பயணஞ் செய்தது.

உண்மையைக் காண்டல் ஒன்று. பிறரை ஏற்கச் செய்தல் மற்றொன்று. எலியே பிளேக்கைப் பரப்புவது என்று கற்றிருந்த வல்லுநர் பலர் வூவின் கொள்கையை நகைத்தனர். மெஸ்னி என்னும் பிரெஞ்சு டாக்டர் பிளேக் வைத்தியத்தில் முதிர்ந்த அனுபவமுடையவர், தியென்ட்ஸினிலே பேராசிரியராயிருந்தவர். அவர் ஹார்பினுக்கு வந்து, ஓர் இளஞ் சீனர் தமக்குக் கட்டளையிடுவதோ என வெகுண்டு, வூவை அவர்தம் இனத்தைச் சுட்டி இகழ்ந்தார். வூ சினத்துக்குச் சினம் எதிர்வைத்தாரில்லை. ஒரு வேலைக்கு இரு தலைவர் ஆகாதெனக் கண்டு, தம்மை விடுவிக்குமாறு அரசாங்கத்துக்குத் தந்தியடித்தார். அரசாங்கத்தார் வூவையே நிலைநிறுத்தி, மெஸ்னியை விலக்கினர். மெஸ்னியோ பஞ்சும் மெல்லிய துணியும் கொண்டு வூ அமைத்த முகக்கவசத்தை அணியாமலே உருஷிய வைத்தியசாலைக்குச் சென்று நோயாளிகளைச் சோதித்தார். சில நாட்களில் நோய்வாய்ப்பட்டு, 1911-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி மாண்டார். பிறர் நாட்டு மக்களைக் காக்க வந்து உயிர் நீத்த அவரை நாம் இகழ்தல் தகாது. ஆயினும் அவர் மரணத்துக்குப் பின்னரே முகக்கவசத்தின் பயனை நகரத்தார் அனைவரும் உணர்ந்தனர்.

இதன்பின் வேலை விரைந்து நடந்தது. சீனர் வாழ்ந்த பூஜியாதியென் என்னும் பகுதியை வூ நான்கு வட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டத்தாரும் தத்தமக்குரிய நிறப் பட்டையைக் கையில் அணிய வேண்டும். ஒரு வட்டத்தார் மற்றொன்றிற் புகலாகாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர் எல்லை காத்தனர். வைத்தியரும் உதவியாளரும் நாடோறும் வீடுதோறும் சென்று காய்ச்சலுற்றோரைத் தேடினர். நோயாளிகள் பிளேக் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்பட்டனர். அவரோடு பழகினோரைத் தனியே வைக்க இடம் போதாமையால், உருஷிய இரயில்வேயாரிடம் சுமார் 120 சரக்கு வண்டிகளை இரவல் வாங்கி, அவற்றிற் குடியிருத்திக் கண்காணித்தனர். தெற்கே செல்லும் இரயில் போக்குவரவும் கட்டுப்படுத்தப்பட்டது.

இன்னும் ஒரு பெருந்தடை எஞ்சியிருந்தது. நகரின் புறத்தே புதைக்கப்படாத பிணங்கள் இரண்டாயிரத்துக்கு மேற் குவிந்து கிடந்தன. நிலம் பனியால் இறுகிக் கல்லாய்ப் போனமையின் குழி தோண்ட இயலவில்லை. அவற்றை எரித்தலே தக்கது. நம் நாட்டில் தகனம் பெரும்பாலார்க்கு வழக்கமானதே; சீனத்திலோ மூதாதையர் உடலை மண்ணிற் சேர்ப்பதே மக்களின் தலையாய கடன். பிணத்தை எரிப்போனை ஊர் மன்னிக்காது. வூ தம் அதிகாரத்தை நம்பி அச்செயலிற் குதித்தாரல்லர். நகரப் பெரியோரையும் அதிகாரிகளையும் அழைத்துச் சென்று அப்பிணக் குவியலைக் கண்ணாரக் காணச் செய்தார். அவர்கள் உடன்பட்ட பின்னர் அரசரின் ஆணையை வேண்டினார். ஆணை வந்தது. 1911-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி தகனம் தொடங்கிற்று. அது சீனரின் புத்தாண்டுக் காலம். வழக்கப்படி வெடிக்கும் சீனவெடியை அவ்வாண்டு வீட்டினுள்ளேயே வெடிக்குமாறு மக்கள் வேண்டப்பட்டனர். அதன் கந்தகப் புகை அறையைத் தூய்மை செய்யும் என்பது கருத்து. வழக்கத்தை முறிக்க வேண்டிய இடத்தில் முறித்தும், பயன்படுத்தத்தக்க இடத்திற் பயன்படுத்தியும் சென்ற அறிவுடைமை போற்றத்தக்கது.

மரண எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்தது. 1911-ம் வருஷம் மார்ச்சு முதல் தேதி ஹார்பினிற் கடைசி நோயாளி காணப்பட்டார். ஏறக்குறைய நான்கு மாதங்களில் மஞ்சூரியாவிலும் அடுத்த பகுதிகளிலும் இறந்தோர் சுமார் 60,000 பேர். பூஜியாதியெனில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். வைத்தியரும் மாணவரும் பிண வண்டி ஓட்டியவரும் பலர் தொண்டு செய்துகொண்டே உயிர் துறந்தனர். முக்டன் நகர இரயில் நிலையத்திற் பிரயாணிகளைச் சோதித்து வந்த ஸ்காட்லாந்து மிஷன் டாக்டர் ஆர்தர் ஜாக்ஸன் 1911-ம் வருஷம் ஜனவரி 25-ந் தேதி அந்நோய்க்கே இரையானார். கேம்பிரிட்ஜிற் பயின்று சீனத்துக்கு வந்து சில மாதங்களே ஆன அவருக்கு வயது 26. மிஷன் கலாசாலையிற் பயில்வோர் அப்பெயரையும் மறத்தலாகாது.

ஈண்டு ஒன்றைச் சற்று ஊன்றி எண்ணுதல் வேண்டும். வூ லியன் டே ஹார்பினில் ஒரு நோயாளியையேனும் குணப்படுத்தினாரல்லர். குணப்படுத்தும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. 1943-ம் வருஷம் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டிரெப்டோமைஸினும் அதன்பின் வந்த மருந்துகளுமே, காலத்தில் அளித்தால், அந்நோயினின்று உயிர்காக்க வல்லன ஆயின. படுக்கையருகே தோற்ற வைத்தியமே தெருவிலும் இரயிலடியிலும் வென்றது. நோய்ப்பட்டவரை மீட்க வழியில்லாதபோதும், நோய்ப்படாதவரைக் காக்க வழியுண்டு என்பதை அவர் நிறுவிக் காட்டினார்.

அவ்வாண்டு ஏப்பிரல் 3-ந் தேதி முக்டன் நகரில் அகில உலகப் பிளேக் மகாநாடு கூடியது. பதினொரு நாட்டார் வந்திருந்தனர். பிளேக் கிருமியைக் கண்டறிந்த இருவருள் ஒருவராகிய ஜப்பானியப் பேரறிஞர் கிட்டஸாட்டோவும் அங்கே அமர்ந்திருந்தார். அம்மகாநாட்டின் தலைமைப் பீடம், தாய்நாட்டு இலாகாவிலே உயர் உத்தியோகத்துக்குத் தகுதியற்றவராகக் கருதப்பட்ட வூ லியன் டேக்கு அளிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது 32.

புகழ் உச்சியில் நின்ற அவர், தலைநகரிலே பெருவைத்தியராக அமர்ந்து செல்வம் குவித்திருக்கலாம். அவரோ குளிர் மிகுந்த ஹார்பினையே மீண்டும் நாடினார். 1912-ம் வருஷம் வட மஞ்சூரியப் பிளேக் தடுப்பு நிலையம் அவர் தலைமையில் நிறுவப்பட்டது. இடையில் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு வந்தது; தளபதிகள் ஒருவரோடொருவர் பொருதனர்; நிலையத்தின் வேலை மட்டும் நிற்கவில்லை. நோயில்லாத ஆண்டுகளிலே வைத்தியசாலைகள் கட்டுதல், உதவியாளரைப் பழக்குதல், தர்பகானின் வாழ்க்கையை ஆராய்தல், அறிக்கைகள் எழுதுதல் என அவர் காலம் கழிந்தது. இவை செய்தித்தாளில் இடம்பெறும் செயல்கள் அல்ல. ஆயினும் 1920-ம் வருஷ இறுதியில் அதே நோய் மறுபடியும் எழுந்தபோது, அது எதிர்கொண்டது ஆயத்தமாயிருந்த ஒரு நாட்டை. முன்னர் 60,000 பேரை விழுங்கிய நோய், இம்முறை சுமார் 9,300 பேரோடு அடங்கிற்று. எஞ்சிய பல்லாயிரவர் யார் யார் என்று யாவரே அறிவர்?

சீன வைத்தியர்களை ஒன்றுசேர்த்து 1915-ம் வருஷம் சங்கம் நிறுவியோரில் அவர் ஒருவர். பின் அதன் தலைவராகவும் விளங்கினார். நுரையீரல் பிளேக்கைப் பற்றிய அவரது விரிவான ஆராய்ச்சி நூலை 1926-ம் வருஷம் சர்வதேச சங்கம் வெளியிட்டது. சீனத் துறைமுகங்களின் நோய்த்தடுப்புக் காவல் நெடுங்காலம் அன்னியர் கையிலிருந்தது. 1930-ம் வருஷம் அதனைச் சீன அரசாங்கம் மீட்டு அமைத்த தேசிய இலாகாவுக்கு அவரே தலைவரானார். 1935-ம் வருஷம் நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை.

துன்பமும் அவரை விடவில்லை. 1931-ம் வருஷம் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் அவரை ஒற்றர் என ஐயுற்றுச் சிறைப்படுத்தி வினவினர். 1937-ம் வருஷம் போர் மூண்டு ஷாங்காய் எரிந்தது. அவர் மனைவியாரும் அவ்வாண்டிலேயே காலமானார். முப்பதாண்டு உழைத்து எழுப்பியவற்றை விட்டு நீங்கி, அவர் மலாய் நாட்டுக்கு மீண்டார். உலக மகாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அப்பெரியார், ஈப்போ நகரிலே மறுபடியும் ஒரு சாதாரண வைத்தியராக நோயாளிகளுக்கு மருந்தளிக்க அமர்ந்தார். தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதி 1959-ம் வருஷம் வெளியிட்டு, 1960-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி, பிறந்த தீவாகிய பினாங்கிலேயே 80-ம் வயதிற் கண் மூடினார்.

2020-ம் வருஷம் கொரோனா நோய் உலகமெங்கும் பரவியபொழுது, நாமனைவரும் முகக்கவசம் அணிந்தோம், நோயுற்றோரைத் தனியே வைத்தோம், இரயில்கள் நின்றன. அம்முறைகளின் பின்னே, ஹார்பின் பனியிற் பஞ்சையும் துணியையும் மடித்துக் கொடுத்த இளைஞர் நிற்பதை அறிந்தோர் நம்மிற் சிலரே. அவர் வரலாறு வைத்திய மாணவர்க்கு மட்டும் உரியதன்று. பட்டம் பெற்று வெளிச் செல்வோர் பலர், கற்ற கல்விக்கேற்ற உத்தியோகம் கிட்டவில்லையென ஏங்குதல் கண்கூடு. வூ லியன் டேக்கும் முதல் வாயில் அடைபட்டே இருந்தது. பெரிபெரி ஆராய்ச்சி, சூலியாத் தெரு வைத்தியசாலை, அறியாத மொழி, யாரும் போக விரும்பாத குளிர் நகரம் ஆகிய இவையே அவருக்குக் கிட்டிய படிகள். ஒவ்வொன்றிலும் கற்றதை முழுதும் பயன்படுத்தினார். நம் கலாசாலையினின்று செல்லும் இளைஞர் சிலரேனும், நன்றி கூற ஒருவருமில்லாத அத்தொண்டினைத் தம் வாழ்க்கைத் தொழிலாக ஏற்பாராக என்று வேண்டி, இதனை முடிக்கின்றோம்.